ஒரே வழக்கு, நாலு தாளில் நாலு விதமான பிரிவு எண்: குற்றச் சட்டத்தை எப்படிக் குறிப்பது?

யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் பயிற்சியில் இருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரே வழக்கில் பொலிஸ் தாக்கல் செய்த பி அறிக்கையில் (விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று நீதவானுக்கு அறிவிப்பது) ஒரு பிரிவு, குற்றச்சாட்டுப் பத்திரத்தில் இன்னொன்று, தீர்ப்பில் வேறொரு வடிவம், சிறைச்சாலைக்குப் போகும் கட்டளையில் வெறும் எண் மட்டும். இது ஒரு பெரிய விடயமா? எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் எப்படி எழுதுவது?

பெரிய விடயம்தான், தங்கச்சி. விசாரணை நடக்கும் மண்டபத்தில் எல்லோருக்கும் வழக்கு என்னவென்று தெரியும். நீதவானுக்குத் தெரியும், வழக்கை நடத்தும் பொலிஸ் உத்தியோகத்தருக்குத் தெரியும், எதிரிக் கூண்டில் நிற்பவருக்கும் தெரியும். எண் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் அங்கே காரியம் நடந்துவிடும். தண்டனை வாசித்த பிறகு அந்த மனிதரோடு கூடப் போவது ஒரு வரி மட்டும்தான். சிறைச்சாலையில் பதிவெழுதுபவர், மேன்முறையீட்டுக் கோவையைப் பெறும் கொழும்பு புதுக்கடை நீதிமன்றப் பதிவாளர், பல வருடம் கழித்துப் பொலிஸ் கிளியரன்ஸ் தயாரிப்பவர், கனடாவுக்கோ லண்டனுக்கோ போட்ட விசா விண்ணப்பத்தைப் பார்ப்பவர், இவர்களில் ஒருவரும் சாட்சியம் கேட்டவர்கள் அல்ல. அந்த ஒரு வரியை வைத்துத்தான் இவர் யார், என்ன செய்தவர் என்று முடிவு கட்டுவார்கள். ஆகவே அந்த வரி தனியாக நின்றாலும் முழுமையாக இருக்க வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவும்தான், மிச்சமெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 164 ஆம் பிரிவு குற்றச்சாட்டு எப்படி எழுதப்பட வேண்டும் என்று சொல்கிறது. குற்றத்துக்குச் சட்டம் ஒரு பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் தண்டிக்கத்தக்கது என்பதையும் சொல்ல வேண்டும். 165 ஆம் பிரிவு நேரம், இடம், ஆள் ஆகிய விபரங்களைக் கேட்கிறது. தீர்ப்பிலும் எந்தக் குற்றம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, என்ன தண்டனை என்று குறிப்பிட வேண்டும் என்பது 283 ஆம் பிரிவு. ஆக, குற்றத்தின் பெயர், சட்டத்தின் பெயர், பிரிவு என்ற மூன்றும் சேர்ந்து வருவது யாரோ ஒருவரின் எழுத்து நடை சார்ந்த விருப்பமல்ல, சட்டத்தின் கட்டளை.

சிலர் 166 ஆம் பிரிவைக் காட்டி வாதாடுவார்கள். குற்றச்சாட்டில் உள்ள பிழை எதிரியைத் தவறாக வழிநடத்தியிருந்தால் ஒழிய அது பாரதூரமான பிழையாகாது என்று அது சொல்கிறது. சரி, எண் பிழைத்ததற்காக ஒரு தீர்ப்பு உடனே கவிழ்ந்துவிடாது. ஆனால் எதிரி வழிதவறினாரா இல்லையா என்று வாதாடியே மேன்முறையீட்டில் வருடங்கள் போகும். அந்த வருடங்களை ஒருவர் சிறைக்குள் இருந்து கழிக்கிறார், அல்லது பாதிக்கப்பட்ட ஒரு பெண் வழக்கு முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் கழிக்கிறார். 166 தப்பிப்பதற்கு ஒரு வழி, அதை நம்பி வேலை செய்யக் கூடாது.

இனி அடிக்கடி நடக்கும் பிழைகளுக்கு வருகிறேன்.

முதலாவது, வரையறைப் பிரிவையும் தண்டனைப் பிரிவையும் மாற்றி எழுதுவது. தண்டனைச் சட்டக்கோவையில் பெரும்பாலும் ஒரு பிரிவு குற்றம் என்னவென்று விளக்கும், இன்னொரு பிரிவு தண்டனையைச் சொல்லும். கொலைக்கு 294 விளக்கம், 296 தண்டனை. திருட்டுக்கு 366 விளக்கம், 367 தண்டனை. நம்பிக்கை மோசடிக்கு 388 விளக்கம், 389 தண்டனை. குற்றவியல் அத்துமீறலுக்கு 427 விளக்கம், 433 தண்டனை. 164 கேட்பது தண்டிக்கத்தக்க பிரிவை. எனவே எல்லாத் தாளிலும் தண்டனைப் பிரிவே வர வேண்டும். வரையறைப் பிரிவைத் தீர்ப்பின் காரணங்களுக்குள் எவ்வளவும் பேசலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம் இந்திய எண்கள். நாங்கள் எல்லோரும் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். கொலை என்றால் 302, ஏமாற்று என்றால் 420 என்று நாக்கில் வருகிறது. இணையத்தில் தமிழில் தேடினாலும் முதலில் வருவது இந்தியச் சட்டம்தான். அங்கே 302 ஆக இருந்த கொலை எங்களிடம் 296. அங்கே 420, இங்கே 403. பொது எண்ணத்துக்கு அங்கே 34, இங்கே 32. கொலை முயற்சிக்கு அங்கே 307, இங்கே 300. அமைப்பு ஒரே மாதிரி இருப்பதால் பிழை கண்ணில் படுவதும் குறைவு. இப்போது இந்தியாவிலேயே அந்த எண்கள் மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து, கொலைக்குத் தண்டனை 103 ஆம் பிரிவாகவும், ஏமாற்று 318 ஆகவும் ஆகிவிட்டது. அந்த நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்கு அங்கே இன்னும் பழைய எண்தான். இந்தியாவில் இருந்து வந்த மாதிரிப் பத்திரத்தை வைத்து இங்கே எதையும் நிரப்ப வேண்டாம்.

இரண்டாவது, சட்டத்தின் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் எழுதுவது. வீதி விபத்தில் ஒருவர் இறந்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கவனயீனத்தால் மரணம் விளைவித்தது தண்டனைச் சட்டக்கோவையின் 298. கவனமின்றி வாகனம் செலுத்தியது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151(3). விபத்தைத் தவிர்க்கச் சாரதி செய்ய வேண்டியவற்றைச் செய்யாதது அதே சட்டத்தின் 149. இதை "298, 149, 151(3)" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். தண்டனைச் சட்டக்கோவையிலும் 149 உண்டு, 151 உண்டு. இரண்டும் பொது அமைதிக்கு எதிரான குற்றங்கள் என்ற அத்தியாயத்துக்குள் வருகின்றன. வழக்கு தெரியாதவர் இந்த வரியைப் பார்த்தால், லொறி ஓட்டி விபத்தில் சிக்கிய ஒருவரைக் கலகக்காரராக நினைக்க முடியும்.

சட்டத்தின் பெயரோடு அத்தியாய இலக்கம் போடும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவை 1938 ஆம் ஆண்டுத் தொகுப்பில் 15 ஆம் அத்தியாயம், 1956 தொகுப்பில் 19 ஆம் அத்தியாயம். தொகுப்பு மாற அத்தியாயம் மாறும். 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்பது மாறாது. ஆண்டையும் இலக்கத்தையும் எழுதுங்கள், அத்தியாயத்தை விட்டுவிடலாம்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் வழக்கேடு தமிழில். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி இங்கே நீதிமன்ற மொழி தமிழ், அதுதான் சரியும். ஆனால் தண்டனைச் சட்டக்கோவை ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டது, முற்தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆகவே உபபிரிவு எழுத்துகள் இரண்டு வழியாகத் தமிழுக்கு வருகின்றன. தமிழ்ச் சட்டப் பிரதிகளில் பந்திகள் (அ), (ஆ), (இ), (ஈ), (உ) என்று ஓடும். பொலிஸ் நிலையத்திலும் பத்திரிகையிலும் ஆங்கில எழுத்தின் ஒலியை அப்படியே எழுதுவார்கள்: 54 ஏ, 365 பி.

இதில் என்ன ஆபத்து? தண்டனைச் சட்டக்கோவையின் 364(2) இல், கர்ப்பிணி என்று தெரிந்தும் செய்யப்படும் வன்புணர்வு நாலாவது பந்தி. 18 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கு எதிரானது ஐந்தாவது பந்தி. ஐந்தாவது ஆங்கில எழுத்தை ஒலிப்படி எழுதினால் "ஈ". தமிழ் வரிசையில் "ஈ" நாலாவது. ஆக, "364(2)(ஈ)" என்று ஒரு தாளில் இருந்தால் அது எந்தக் குற்றம் என்று தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதை ஒரு மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்துக்கு மாற்றும்போது தன் பழக்கப்படி ஒன்றைத் தெரிவு செய்வார். அந்த மொழிபெயர்ப்புத்தான் தூதரகத்துக்குப் போகும், புதுக்கடைக்கும் போகும். குற்றம் சிறுமிக்கு எதிரானதா இல்லையா என்பது அந்த ஓர் எழுத்தில் தங்கியிருக்கிறது.

போதைப்பொருள் வழக்குகளிலும் இதே கதை. நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கம். 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தத்தோடு வந்த 54அ பிரிவில் இரண்டாம் பந்தி வியாபாரம், நாலாம் பந்தி உடைமையில் வைத்திருத்தல். தமிழ் வரிசையில் 54அ(ஆ), 54அ(ஈ). ஒலிப்படி எழுதினால் 54ஏ(பி), 54ஏ(டி). ஒரே கோவைக்குள் இந்த இரண்டு முறையும் கலந்து வருவது அடிக்கடி நடக்கிறது.

என் கருத்து உறுதியானது: தமிழ் வழக்கேட்டில் தமிழ் வரிசையே இருக்கட்டும், ஆனால் முதல் தடவை எழுதும்போது பந்தியின் பொருளையும் சேர்த்து எழுத வேண்டும். "364 ஆம் பிரிவின் (2) ஆம் உபபிரிவின் (உ) பந்தி, அதாவது 18 வயதுக்குக் குறைந்த பெண் தொடர்பானது" என்று ஒரு தடவை எழுதிவிட்டால் எந்த மொழிக்குப் போனாலும் அது தவறாது. எழுத்து நாலைந்து சொல் கூடும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பாமினி எழுத்துருவையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ரைப் செய்யும் இடங்களில் இன்னும் பாமினி நிறையப் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் தட்டிய கோப்பை வேறு கணினியில் திறந்து எழுத்துரு தவறிப்போனால், அடைப்புக்குள் இருந்த "ஈ" ஒரு "<" குறியாக நிற்கும், "இ" ஒரு காற்புள்ளியாக நிற்கும், எண்களுக்கு நடுவே போட்ட காற்புள்ளி ">" ஆகிவிடும். மற்றச் சொற்கள் குழம்பினால் கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடுவார்கள். இலக்கங்கள் குழம்பாமல் அப்படியே இருப்பதால், பிரிவு எண் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிப் பந்தி எழுத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். யூனிகோடுக்கு மாற்றிய எந்தக் கோப்பிலும் அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான் முதலில் பாருங்கள்.

உபபிரிவை முழுதாக விட்டுவிடுவதும் இதே அளவு தீங்கு. 364 என்று மட்டும் எழுதினால் போதாது. 364(1) இல் குறைந்தபட்சத் தண்டனை ஏழு வருடம், 364(2) இல் பத்து வருடம். 2008 இல் உயர் நீதிமன்றம் தனக்கு அனுப்பப்பட்ட ஒரு வினாவில், 364(2) இன் அந்த ஐந்தாம் பந்தியிலுள்ள குறைந்தபட்சத் தண்டனை, தகுந்த தண்டனையைத் தீர்மானிக்கும் மேல் நீதிமன்றத்தின் தற்துணிபை, அதாவது தானே எடைபோட்டு முடிவெடுக்கும் அதிகாரத்தை, கட்டுப்படுத்தாது என்று சொல்லியிருக்கிறது. பத்து வருடத்துக்குக் குறைவாக ஒரு தண்டனை விதிக்கப்பட்டிருந்தால், பின்னால் வாசிப்பவருக்கு அது பிழையா, அந்த முடிவைப் பின்பற்றியதா என்று தெரிய வேண்டுமே. பந்தி எழுத்து இல்லாவிட்டால் தெரியாது.

நாலாவது, குற்றம் நடந்த நாளில் சட்டம் எப்படி இருந்தது என்பது. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. எங்கள் மேல் நீதிமன்றங்களில் வழக்குகள் குற்றம் நடந்து பல வருடம் கழித்துத்தான் தீர்ப்புக்கு வருகின்றன. இடையில் சட்டம் திருத்தப்பட்டிருக்கும். செய்த நாளில் குற்றமாக இல்லாத ஒன்றுக்குத் தண்டிக்க முடியாது, செய்த நாளில் இருந்ததை விடக் கடுமையான தண்டனையும் கொடுக்க முடியாது, அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை இது. பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற 365ஆ பிரிவு 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தத்தோடுதான் வந்தது, 1998 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கம் அதைத் திருத்தியது. ஐஸ் என்று சொல்லப்படும் மெத்தம்பெட்டமைனை 54அ இன் கடும் தண்டனைக்குள் கொண்டுவந்தது 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தம். இன்று ஐந்து கிராமோ அதற்கு மேலோ ஐஸ் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை வரை போகலாம். அந்தத் திருத்தத்துக்கு முந்திய சம்பவத்துக்கு இந்த அளவுகோலைப் போட முடியாது. பிரிவு எண் இரண்டு காலத்துக்கும் ஒன்றேதான், 54அ. வேறுபடுத்திக் காட்டுவது திருத்தச் சட்டத்தின் இலக்கம் மட்டுமே.

ஆகவே "இன்ன ஆண்டின் இன்ன இலக்கச் சட்டத்தினால் திருத்தப்பட்டவாறான" என்ற சொற்றொடரை அலங்காரமாக நினைத்து வெட்டிவிடாதீர்கள். போதைப்பொருள் வழக்கென்றால் இன்னொன்றும் கூடவே வர வேண்டும், இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைப்படியான தூய எடை. ஹெரோயினில் இரண்டு கிராம் என்பதுதான் எல்லை. அதைத் தொட்டால் தண்டனையின் தன்மையே மாறிவிடும். கைப்பற்றிய பொதியின் மொத்த எடை வேறு, அதற்குள் இருந்த தூய போதைப்பொருளின் எடை வேறு. பிரிவுக்குப் பக்கத்தில் எந்த எடையை எழுதுகிறோம் என்று சொல்லி எழுத வேண்டும்.

ஐந்தாவது, "சேர்த்து வாசிக்கப்படும்" என்ற தொடர். பல ஆட்கள் சேர்ந்து பொது எண்ணத்தோடு செய்த கொலை என்றால் "32 ஆம் பிரிவுடன் சேர்த்து வாசிக்கப்படும் 296 ஆம் பிரிவு". 32 தனியாக ஒரு குற்றம் அல்ல, அது இன்னொரு குற்றத்தில் ஒட்டித்தான் நிற்கும். சட்டவிரோதக் கூட்டத்தின் உறுப்பினர் என்ற அடிப்படையில் என்றால் 146. அது தானே பொறுப்பை உண்டாக்கும் பிரிவு, 32 ஓடு ஒன்றாகப் போட்டு அடிக்கக் கூடாது. கொலை முயற்சிக்கு 300 என்ற சொந்தப் பிரிவு இருக்கும்போது, முயற்சிக்குப் பொதுவான 490 ஐக் கொண்டுவந்து 296 ஓடு சேர்க்கத் தேவையில்லை. ஒன்றில் ஒன்று தங்கியிருந்தால் மட்டும் "சேர்த்து வாசிக்கப்படும்". தனித்தனிக் குற்றம் என்றால் தனித்தனிக் குற்றச்சாட்டாக, ஒன்றாவது, இரண்டாவது என்று.

காற்புள்ளி போட்டு அடுக்குவதால் வரும் கேட்டைத் தண்டனை நேரத்தில் பார்க்கலாம். வீட்டுக்குள் புகுந்து அடித்து மிரட்டினார் என்ற வழக்கில் "434, 314, 486" என்று எழுதி, கீழே "ஆறு மாதம், மூன்று மாதம், மூன்று மாதம்" என்று இருந்தால் எது எதற்கு? மேன்முறையீட்டில் ஒரு குற்றச்சாட்டு மட்டும் தள்ளப்பட்டால் எத்தனை மாதம் கழிக்க வேண்டும்? குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16 ஆம் பிரிவின்படி, ஒரே விசாரணையில் பல குற்றங்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தால், ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டால் ஒழிய அவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. நீதவான் வாயால் "ஏககாலத்தில்" என்று சொல்லி, தாளில் அது விடுபட்டால், மேலே சொன்ன ஆறு மாதம் பன்னிரண்டு மாதமாகிவிடும். சிறைச்சாலை தாளைத்தான் பார்க்கும்.

சரி, மாதிரிக்கு ஒன்று. முதல் தடவை எழுதும்போது இப்படி:

"முதலாம் குற்றச்சாட்டு: 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையின் 32 ஆம் பிரிவுடன் சேர்த்து வாசிக்கப்படும் 296 ஆம் பிரிவின் கீழ் தண்டிக்கத்தக்க கொலைக் குற்றம்."

திருத்தம் உள்ள பிரிவென்றால், சட்டத்தின் பெயருக்கு முன்னால், குற்ற நாளில் நடைமுறையில் இருந்த திருத்தங்களின் ஆண்டும் இலக்கமும். அதற்குப் பிறகு அதே ஆவணத்துக்குள் "முதலாம் குற்றச்சாட்டு (த.ச.கோ. 32, 296)" என்று சுருக்கலாம். ஆனால் ஓர் ஆவணத்தில் செய்த சுருக்கம் அடுத்த ஆவணத்துக்குச் செல்லாது. சிறைச்சாலைக்குப் போகும் கட்டளை புதிய ஆவணம், அங்கே மீண்டும் முழுமையாக எழுத வேண்டும். இங்கிலாந்தில் 1915 ஆம் ஆண்டின் குற்றப்பகர்வுச் சட்டத்திலிருந்து குற்றத்தின் பெயரும் சட்டமும் பிரிவும் ஒரு கூறாகவும், சம்பவ விபரம் அடுத்த கூறாகவும் பிரித்தே எழுதுகிறார்கள். எங்கள் பத்திரங்களிலும் அப்படிப் பிரித்து வைத்தால் ஒரு கூறைப் பிழையில்லாமல் அப்படியே அடுத்த தாளுக்குக் கொண்டுபோகலாம்.

பி அறிக்கையில் இருக்கும் பிரிவுகள் மாறுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது இயல்பு, பிழையல்ல. விசாரணை போகப் போகக் காயம் பாரதூரமான காயமாகத் தெரியவரும், 314 ஆக இருந்தது 316 ஆகும். கத்தியால் என்றால் 317 ஆகும். ஆகவே தீர்ப்பை எழுதும்போதோ சிறைக் கட்டளையை நிரப்பும்போதோ பி அறிக்கையைப் பார்த்து எண்ணை எடுக்கவே கூடாது. கடைசியாகத் திருத்தி எதிரிக்கு வாசித்துக் காட்டிய குற்றச்சாட்டு எதுவோ அதுதான் மூலம். 167 ஆம் பிரிவின் கீழ் குற்றச்சாட்டு இடையில் மாற்றப்பட்டிருந்தால் மாற்றிய திகதியையும் குறித்து வையுங்கள்.

சட்ட வாசகத்துக்கு ஞாபகத்தை நம்ப வேண்டாம். புதிய சட்டங்கள் மூன்று மொழிகளிலும் நாடாளுமன்றத்தின் இணையத்தளத்திலும் அரச அச்சகத்தின் இணையத்தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் நீதிமன்றத்தில் அடிக்கடி வரும் குற்றங்களுக்கு மட்டும் ஒரு பட்டியலைத் தயாரியுங்கள். மல்லாகத்தில் வருவது ஒரு மாதிரி, ஊர்காவற்துறையில் வருவது வேறு மாதிரி. அங்கே எல்லை தாண்டிய படகு வழக்குகளுக்கு 1979 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டமும் அதன் 2018 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கத் திருத்தமும் கையில் இருக்க வேண்டும். குற்றத்தின் பெயர், தண்டனைப் பிரிவு, உபபிரிவு, திருத்தங்களின் இலக்கம், திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் என்று நிரல் போட்டால் போதும். அதை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியாருக்கும் ரைப் செய்பவருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள், அவர்கள்தான் அதை அதிகம் பயன்படுத்துவார்கள்.

கடைசியாக, பிழை கண்டுபிடித்தால் என்ன செய்வது என்பது. கையொப்பமிட்ட தீர்ப்பை நீதிமன்றம் பிறகு மாற்ற முடியாது. எழுத்துப்பிழையை எந்நேரமும் திருத்தலாம். மற்றப் பிழையென்றால் அன்று நீதிமன்றம் எழுவதற்கு முன்னர் மட்டும்தான். 367 என்பது 376 என்று தட்டுப்பட்டிருந்தால் ஒரு நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் வேண்டுகோள் வைக்கும் பத்திரம்) போட்டுப் பிறகும் சரிசெய்யலாம். திருத்தச் சட்டம் விடுபட்டுப் பிழையான தண்டனை விதிக்கப்பட்டிருந்தால், மறுநாள் அதற்கு மேன்முறையீடோ மீளாய்வோதான் வழி. ஆகையால் தண்டனை வாசிக்கும் நாளில் உங்கள் கையில் குற்றச்சாட்டின் பிரதி இருக்கட்டும். வாசித்து முடிந்ததும் உங்கள் சீனியரைக் கேட்டுக்கொண்டு பதிவாளரின் மேசைக்குப் போய், சிறைக் கட்டளை கையொப்பத்துக்குப் போக முன்னரே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பந்தி எழுத்து வரைக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள்.